ஃபோர் ஸ்ட்ரோக் புல்வெட்டி வாங்கலாமா?

வணக்கம் ஐயா,

முட்டுக்காடு பக்கம் எங்களுக்குப் பத்து கிரவுண்டு இடம் இருக்கிறது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் இடுப்புயரத்துக்குப் புல் மண்டிவிடும். வெட்ட ஆள் வருவார், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூட இருப்பேன். பிரஷ் கட்டர் வாங்கப் போனால், “ஃபோர் ஸ்ட்ரோக்கா எடுங்க சார், ஆயில் கலக்குற தொல்லையே இல்ல” என்கிறார் கடைக்காரர். விலைதான் கூடுதல். செயின் சாவையும் ஃபோர் ஸ்ட்ரோக்கிலேயே வாங்கிவிட்டால் ஒரே பெட்ரோல் கேன் போதுமே என்றும் நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

வே.க., திருவான்மியூர்

அன்புள்ள வே.க.,

கடைக்காரர் சொன்னது பாதி சரி. ஆயில் கலக்க வேண்டாம். ஆனால் ஆயிலைக் கவனிக்கிற வேலை அப்படியே இருக்கிறது, அதைத் தவறவிட்டால் செலவும் பெரிது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து வரும் 2டி ஆயில்தான் (டூ ஸ்ட்ரோக்குக்கென்றே விற்கும் ஆயில்) கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் நனைக்கிறது. 50:1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக, எஞ்சினின் அடியில் நிற்கிறது. அது எவ்வளவு தெரியுமா? ஹோண்டாவின் ஜிஎக்ஸ்25 எஞ்சினில் 80 மில்லி, ஜிஎக்ஸ்35இல் 100 மில்லி. அவ்வளவுதான். 30 மில்லி குறைந்தாலே கணிசமான பங்கு போயிற்று. பைக்கில் அதே 30 மில்லி குறைந்தால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சாரும் கையில் பிடிக்கும் கருவிகளில் பெரும்பாலும் கிடையாது. சித்திரை வெயிலில் முழு வேகத்தில் ஓட்டும்போது ஆயில் வற்றினால் சிலிண்டர் கீறிவிடும். பிறகு எஞ்சினையே மாற்றச் சொல்வார்கள்.

அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு எஞ்சினை மட்டமாக வைத்து, மூடியைத் திறந்து, ஆயில் வாய் விளிம்பு வரை நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆளிடம் சொல்லிவிட்டால் நடக்காது. 10டபிள்யூ-30 ஆயில் போதும். புது எஞ்சினில் முதல் 10 மணி நேரத்திலேயே ஆயிலை மாற்றிவிடுங்கள், பிறகு 50 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. விளிம்பைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். மிஞ்சிய ஆயில் ஏர் ஃபில்டருக்குள் போய், எஞ்சின் வெள்ளைப் புகை கக்கும்.

எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஓடும் என்று விற்கப்படும் எஞ்சின்கள் ஓடும்போது அப்படித்தான். அணைத்த பிறகு தாறுமாறாகப் படுக்க வைத்தால் ஆயில் மெல்லக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கலாம். மறுநாள் ஸ்டார்ட்டர் கயிறு இறுகி நின்றால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், கனெக்டிங் ராடு வளையக்கூடும். ப்ளக்கைக் கழற்றிவிட்டு நாலைந்து முறை இழுத்தால் ஆயில் வெளியே வந்துவிடும். ப்ளக்கைத் துடைத்து மாட்டுங்கள்.

வால்வு இடைவெளி இன்னொரு வேலை. அளவு 0.1 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், எஞ்சின் குளிர்ந்த பிறகே ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி இறுகிவிட்டால் கம்ப்ரெஷன் போய்விடும், எத்தனை இழுத்தாலும் கிளம்பாது. பல மெக்கானிக்குகள் இதை விட்டுவிட்டுக் கார்புரேட்டரைத்தான் முதலில் பிரிப்பார்கள். டூ ஸ்ட்ரோக்கில் வால்வே இல்லை. ஸ்டில் நிறுவனத்தின் 4-மிக்ஸ் எஞ்சின் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: வால்வு உண்டு, ஆனால் தனி ஆயில் இல்லை, 50:1 கலவைதான் ஊற்ற வேண்டும். ‘ஃபோர் ஸ்ட்ரோக்’ என்று நம்பி அதில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் உங்கள் இடத்துக்கு நான் ஃபோர் ஸ்ட்ரோக்கையே சொல்வேன். டூ ஸ்ட்ரோக்கில் எரியாத கலவை கணிசமாக அப்படியே சைலன்சர் வழியே போகிறது, ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த விரயம் இல்லை. பெட்ரோல் மிச்சமாகும், புகை இராது, சத்தமும் அடங்கி ஒலிக்கும். குறைந்த வேகத்திலும் இழுவை இருப்பதால் தடித்த புல்லில் பிளேடு திணறாது. எடை கொஞ்சம் கூடும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வேகம் ஒரு கணம் தாமதித்து ஏறும். தோள்பட்டை பெல்ட்டைச் சரியாக மாட்டினால் எடை பெரிதாகத் தெரியாது.

செயின் சா விஷயத்தில் மட்டும் ஆசையை விடுங்கள். மரத்தை அறுக்கும்போது அதைப் பக்கவாட்டில், தலைகீழாகப் பிடிப்போம், செயினும் மிக வேகமாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரியும் டூ ஸ்ட்ரோக்தான் அந்த எடைக்குள் அந்தச் சக்தியைத் தரும். அங்கே டூ ஸ்ட்ரோக்கே வாங்குங்கள்.

அப்போது இரண்டு கேன் தேவைப்படும். கலவைக் கேனுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கலவையை ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் ப்ளக் கரி பிடிப்பதோடு போகும். வெறும் பெட்ரோலைச் செயின் சாவில் ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டன் போய்விடும்.

இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அதிலுள்ள எத்தனால் கடலோர ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிட, எஞ்சின் உறிஞ்சுவது ஆயில் இல்லாத அடிப்பகுதியை. எனவே ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைத்திருக்காதீர்கள். இரண்டு கருவிகளையும் மழைக்காலத்தில் சும்மா போட்டு வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.