உள்ளேருந்து திறக்காத கார் கதவு

கேள்வி: எங்க கார்ல பின்பக்க கதவு ஒண்ணு வெளியேருந்து நல்லா திறக்குது, உள்ள உக்காந்து இழுத்தா திறக்கவே மாட்டேங்குது. மெக்கானிக் கதவையே பிரிச்சுப் போட்டுடுவாரோன்னு பயமா இருக்கு, என்ன பண்றது சார்?

பதில்: பயப்படாதீங்க, நெறைய நேரம் இது ரிப்பேரே இல்ல, குழந்தைங்க உள்ளேருந்து திறந்துடாம இருக்க வச்சிருக்கிற சைல்டு லாக்தான். கதவைத் திறந்து அதோட ஓரத்துல லாட்ச், அதாவது கதவைப் புடிச்சு வைக்கிற கொக்கி, பக்கத்துல பாருங்க, ஒரு குட்டி லீவரோ சாவி வச்சுத் திருப்புற கீத்தோ இருக்கும், கழுவும்போது துணி பட்டுக்கூட அது மாறிடும். சில கார்ல டிரைவர் பக்கம் சுவிட்சே இருக்கு.

சைல்டு லாக் ஆஃப்லதான் இருக்கு, ஆனா ஹேண்டில் தொளதொளன்னு வருதுன்னா உள்ள போற கேபிள் கழண்டிருக்கும் இல்ல அறுந்திருக்கும், அதுக்கு மெக்கானிக்தான்.

உள்ளேருந்தும் வெளியேருந்தும் திறக்கலைன்னா கதை வேற, லாட்ச் இறுகியிருக்கலாம், லாக் மோட்டார் போயிருக்கலாம். ஒருத்தர் வெளியேருந்து கதவை உள்பக்கமா அழுத்திப் புடிக்கணும், அதே நேரம் இன்னொருத்தர் ரிமோட்ல அன்லாக் அமுக்கி ஹேண்டிலை இழுக்கணும், பல தடவை விட்டுடும். வெறியோட மட்டும் இழுக்காதீங்க, ஹேண்டில் பிளாஸ்டிக்தான், ஒடஞ்சா அது தனிச் செலவு.

திறந்ததும் சந்தோஷத்துல டபக்குன்னு சாத்திடாதீங்க! லாட்சுக்குள்ள லூப்ரிகன்ட் ஸ்ப்ரே அடிச்சு, கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால லாட்ச் நாக்கை மூடுற மாதிரி தள்ளி, ஹேண்டிலை இழுத்துப் பாருங்க. நாக்கு டக்குன்னு விடுபட்டா மட்டும் சாத்துங்க.