ரெண்டு நாள் வகுப்பு, அறுபது சான்றிதழ்: வாங்கலாமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஷாப்புகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) ரசாயனம் சப்ளை செய்யும் சின்ன யூனிட்டில் புரொடக்‌ஷன் இன்சார்ஜாக இருக்கிறேன். நிரந்தர ஆட்கள் 22, காண்ட்ராக்ட் ஆட்கள் 38. சோடியம் சல்பைடு கரைசல், சல்ஃப்யூரிக் ஆசிட் இரண்டும் டேங்கரில் வருகின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய ஆடிட்டர், 'பி.எஸ்.எம். (பிராசஸ் சேஃப்டி மேனேஜ்மென்ட், அபாயகர ரசாயனம் கையாளும் இடத்தில் விபத்தைத் தடுக்கும் முறை) பயிற்சி கொடுத்ததற்கு ஆதாரம் எங்கே' என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேலூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட், 2 நாளில் 14 அம்சங்களையும் நடத்தி, தலைக்கு 2,500 ரூபாய்க்கு 'ஓஷா சான்றிதழ்' தருகிறேன் என்கிறார். முதலாளி சரி என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில்: கொடுக்காதீர்கள். 60 பேருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். அதை வைத்து என்ன வாங்கலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஓஷா என்பது அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு. பி.எஸ்.எம். விதியை 1992-ல் கொண்டுவந்தது அதுதான், அதில் 14 அம்சங்கள் இருப்பதும் உண்மைதான். ஆனால் 'இவர் பி.எஸ்.எம். தேறியவர்' என்று அது எந்த ஆபரேட்டருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. லாட்ஜ் ஹாலில் சாப்பாடு போட்டு, லாமினேட் செய்து தரும் அட்டையில் கழுகுப் படம் இருந்தால் அது பிரிண்டிங் பிரஸ்காரர் கைவண்ணம். அந்த விதி உங்கள் யூனிட்டுக்குப் பொருந்துமா என்ற வாதமே இப்போது வேண்டாம், வாடிக்கையாளர் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். பயிற்சிப் பதிவில் விதி கேட்பது மூன்று விஷயம்: யாருக்கு, எந்தத் தேதியில், அவருக்குப் புரிந்தது என்பதை எப்படிச் சரிபார்த்தீர்கள். இந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் முழுங்கிவிடுகிறார்கள். விவரம் தெரிந்த ஆடிட்டர் நேராக அங்கேதான் கை வைப்பார்.

உங்கள் ஆபரேட்டருக்கு 14 அம்சங்களும் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. அவர் நிற்கும் இடத்தில் என்ன இருக்கிறது, எது எதோடு சேரக்கூடாது, எப்போது நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டு யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

டேங்கர் இறக்கும் இடத்தில் ஆரம்பியுங்கள். ஒரு யூனிட்டில் நான் பார்த்தது இது. 3 அங்குலக் குழாய் இரண்டு பக்கத்துப் பக்கத்தில், ஹோஸை மாட்டும் வாயில் ஒரே மாதிரி ஃபிளாஞ்ச், ஒரே பச்சைப் பெயின்ட். ஒன்று சல்பைடுக்கு, இன்னொன்று சல்ஃப்யூரிக்குக்கு. வெயிலிலும் ஆசிட் புகையிலும் எழுத்து உதிர்ந்து இரண்டிலும் 'சல்' மட்டும் பாக்கி. ராத்திரி 2 மணிக்கு வண்டி வருகிறது, விடிவதற்குள் காலி செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று டிரைவர் ஹாரன் அடிக்கிறார், புதுப் பையன் ஒருவன் ஹோஸை எடுத்துக்கொண்டு நிற்கிறான். ஆசிட் போய் சல்பைடு டேங்கில் விழுந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் விஷ வாயு, காற்றைவிடக் கனம், தொட்டிக்குள்ளும் பள்ளத்திலும் தங்கிவிடும். ஒருவர் விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார்.

ஹாலில் புரொஜெக்டர் வேண்டாம். நாலு நாலு பேராக அந்தக் குழாய்க்கு எதிரில் நிறுத்தி அரை மணி நேரம் பேசுங்கள். பிறகு நீங்கள் வாயை மூடிக்கொண்டு அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்: பில்லில் எதைப் பார்ப்பாய், சாம்பிள் எப்போது எடுப்பாய், எந்த வால்வு முதலில், விரலால் காட்டு. கடைசியாக ஒரு கேள்வி: 'அழுகின முட்டை நாத்தம் வந்து, திடீர்னு நின்னுபோனா என்ன அர்த்தம்?' 'சரியாயிடுச்சுன்னு அர்த்தம் சார்' என்று பதில் வந்தால் அவருக்கு இன்னும் பயிற்சி ஆகவில்லை. காற்றில் அந்த வாயு சுமார் 100 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) மேல் போனால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நிற்பதுதான் ஓட வேண்டிய நேரம், அதுவும் காற்று வரும் திசையை நோக்கி. கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில், தப்பென்றால் மறுபடி கேட்ட தேதி என்று ஒரு நோட்டில் எழுதி, அவர் கையெழுத்து வாங்குங்கள். ஆடிட்டர் கேட்ட ஆதாரம் அந்த நோட்டுதான். மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டும் என்கிறது விதி, நான் ஆறு மாதம் என்பேன்.

கன்சல்டன்ட் அடுத்து இன்னொரு சீட்டை நீட்டுவார், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'பழைய ஆட்களுக்குப் பயிற்சியே தேவையில்லை சார், அனுபவம் இருக்குன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும், விதியிலயே இருக்கு' என்பார். இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் விதி பிறந்த காலத்தில், 1992 மே 26 அன்று ஏற்கெனவே அந்தப் பிராசஸை ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் கொடுத்த சலுகை அது. அவருக்கு வேலைக்கு வேண்டிய அறிவும் திறமையும் இருக்கிறது என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் ஆரம்பப் பயிற்சியை விட்டுவிடலாம், அதுவும் ஆரம்பப் பயிற்சியை மட்டும், புதுப்பிப்பு உண்டு. இதே லெட்டரை 28 வயதுப் பையனுக்குப் போட்டு ஃபைலில் வைத்திருந்த ஒரு கம்பெனியை எனக்குத் தெரியும். 1992-ல் அவன் பிறக்கவே இல்லை. கேட்டதற்கு ஃபார்மட் அப்படித்தான் வந்தது என்றார்கள். உண்மையிலேயே பழைய ஆள் என்றாலும் விடாதீர்கள். 'இன்னா சார், இருபது வருசமா இத்தத்தானே பண்றேன்' என்பவர்தான் தப்பு நடந்தால் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கில் கம்பியைச் சொருகி ஓட்டுவார்.

காண்ட்ராக்ட் ஆட்கள் 38 பேருக்கும் இதேதான். ஒடியா, வங்காளம், இந்தி பேசுபவர்கள் இருந்தால் அவர்களில் விவரமான ஒருவரை முதலில் தயார் செய்து அவரையே பேசச் சொல்லுங்கள். ஷெட்டில் படுத்துத் தூங்குபவர்களையும் விடாதீர்கள். 2015 ஜனவரி கடைசியில் இதே ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள்.

சட்டம் இல்லாமல் இல்லை. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள், 1989-ல் அபாயகர ரசாயன விதிகள் வந்தன, வேலை செய்கிறவருக்குத் தகவலும் பயிற்சியும் கொடுப்பது முதலாளி பொறுப்பு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நடப்பதோ தேசியப் பாதுகாப்பு தினமான மார்ச் 4 ஆனால் பேனர், உறுதிமொழி, ஒரு குரூப் போட்டோ, லட்டு. பார்க்க வருபவரும் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டுப் போகிறார். குழாய்ப் பக்கம் போய் ஆபரேட்டரிடம் ஒரு கேள்வி கேட்கும் அதிகாரியை என் சர்வீஸில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஒன்றரை லட்சத்தில் சட்டையில் மாட்டும் ஹைட்ரஜன் சல்பைடு மீட்டர் சில வாங்குங்கள். சல்பைடு ஹோஸ் ஆசிட் குழாயில் மாட்டவே முடியாதபடி கப்ளிங்கை வேறு அளவுக்கு மாற்றுங்கள். இரண்டு வால்வுக்கும் பூட்டு போட்டு, சாவி ஷிப்ட் இன்சார்ஜிடம் மட்டும் இருக்கட்டும். அதற்கெல்லாம் முன்னால், இன்று நைட் ஷிப்டில் சொல்லாமல் கொள்ளாமல் போய், அங்கே நிற்பவரிடம் எது ஆசிட் குழாய் என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.