வாசகர் கேள்வி – பதில்: மதுரையிலிருந்து கொல்லத்துக்கு மலைவழி ரயில்

கேள்வி: மதுரையில் இருக்கும் என் அக்கா குடும்பத்தார் செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்ல விரும்புகிறார்கள். மலைப்பகுதியைப் பகலிலேயே பார்க்க எந்த ரயில் ஏற்றது?
– வாசகி, ஆரியங்காவு

பதில்: மதுரை – குருவாயூர் எக்ஸ்பிரஸ்தான் ஏற்றது. முற்பகலில் மதுரையை விட்டுப் புறப்படும் அந்த ரயில், ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டையை அடைந்து, வெளிச்சம் இருக்கும்போதே மலையேறிவிடும். சென்னை – கொல்லம் ரயிலில் வந்தால் இந்தப் பகுதியை அதிகாலையில் தூக்கக் கலக்கத்தோடுதான் கடக்க வேண்டியிருக்கும்.

1904இல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டு, 2018இல் அகலப்பாதையாக முழுமை பெற்ற வழி இது. பகவதிபுரம் தாண்டியதும் வரும் நீண்ட குகைக்குள் நுழையும்போது சுற்றியிருப்பது தென்காசிச் சீமையின் வறண்ட காற்று. வெளியே வரும்போது ஈர மண்ணும் ரப்பர்த் தோட்டமுமாக, உங்கள் ஊர் வாசலில் ரயில் நிற்கும். தென்மலைக்கு முன்னால், கழுதுருட்டி அருகே, கருங்கல்லால் கட்டிய பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்துதான் செல்லும் என்பதால், கைப்பேசியைத் தேடாமல் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

சாரல் பெய்யும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பசுமை அதிகம். ஆனால் ஜன்னலை மூடியே வைத்திருக்க நேரலாம். என் தேர்வு செப்டம்பர். அவகாசம் இருந்தால் புனலூரில் இறங்கி, 1877இல் கல்லடையாற்றின் மேல் கட்டி முடிக்கப்பட்ட தொங்குபாலத்தையும் பார்க்கலாம். புறப்படும் நேரம் அவ்வப்போது மாறுவதால், முன்பதிவின்போது சரிபார்த்துக்கொள்வது நல்லது.