மழை நாளில் போத்தலில் ஈ விழவில்லை என்றால் பூச்சி ஒழிந்துவிட்டதா? மருந்து எந்த நேரத்தில் அடிப்பது?

கொய்யாவுக்கு மாட்டிய போத்தல் பொறியில் நான்கு நாளாகப் பழ ஈ விழவில்லை, மழையில் செத்திருக்குமா, இனி மருந்தைக் காலையில் அடிக்கலாமா மாலையிலா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே போத்தலை நம்பி ஒரு வருஷ விளைச்சலைத் தொலைத்தவன் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மரம் இருக்கும், சனி ஞாயிறில்தான் எட்டிப் பார்ப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு மலேசியாவில் பேராக் மாநிலத்து பீடோர் பக்கம். கொய்யாவுக்குப் பேர்போன ஊரில் பெரிய பெரிய தோப்புகளுக்கு நடுவே நாற்பது மரம்.

ஈ வரும் நேரத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது அம்மா வாசலில் வளர்க்கும் துளசி. காலை ஒன்பது மணி இருக்கும். பூஜைக்கு இலை கிள்ளிய இடத்தில் குட்டிக் குளவி மாதிரி ஏழெட்டு மொய்த்தன. பார்த்தால் எல்லாம் பழ ஈ, அத்தனையும் ஆண். துளசியில் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. கடையில் பழ ஈ மருந்து என்று விற்கும் வாசனைத் தைலமும் பெரும்பாலும் அதுதான். ஆண் ஈ காலையில் அதைத் தின்று, உடம்புக்குள் வேறு வாசனையாக மாற்றி, அந்தி சாயும்போது வெளியே விட்டுப் பெண்ணைக் கூப்பிடும்.

அந்தத் தைலத்தை வைத்து எட்டுப் போத்தல் மாட்டினேன். முதல் வாரம் நிறைய விழுந்தது. அக்டோபரில் நான்கு நாள் காலையிலிருந்தே மழை. போத்தலுக்கு இரண்டோ மூன்றோதான். 'ஈயை ஒழிச்சாச்சு' என்று ஒட்டுக்கடையில் தம்பட்டம் அடித்துவிட்டு, ஈ குத்தாமலிருக்கப் பிஞ்சுக்குப் பை கட்டுவதை நிறுத்தினேன். ஐந்தாம் நாள் வெயில் வந்தது. பத்து மணிக்குள் போத்தலுக்குள் கறுப்பாகக் கிடந்தது. அப்புறம் பழுத்ததை அரிந்தால் புழு, அதற்கடுத்ததும் புழு.

மழையிலும் பலத்த காற்றிலும் ஈ அதிகம் பறக்காது. இலைக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். அது குறையவில்லை, கிளம்பவில்லை, அவ்வளவுதான். எத்தனை பறந்தது என்றுதான் போத்தல் சொல்லும், எத்தனை இருக்கிறது என்று சொல்லாது. விழுவதும் ஆண்தான். பழத்தில் முட்டையைக் குத்துகிற பெண் பகலில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்துத் தோப்பு ஆண் இருக்கும்வரை அதற்கென்ன குறை?

புரோட்டீன் கலந்த இரை மருந்தானால் பனி காய்ந்த காலையில், இலைக்கு அடியில் தெளியுங்கள். பெண் ஈ தீனி தேடுவது பெரும்பாலும் அப்போதுதான். நம் பேராக்கில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வந்தால் அடித்ததெல்லாம் கழுவிக்கொண்டு போகும். விவசாய இலாகாக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் ஐந்தாம் படிவத்தோடு நின்றவன், என் மரத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆனால் எந்த மணிக்கு மருந்து அடித்தாலும் பை கட்டாத பழம் தப்பாது.

பூச்சி என்றாலே எனக்கு இன்னொன்று ஞாபகம் வரும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா எஸ்டேட்டில் செம்பனை (எண்ணெய்ப் பனை) பூக்குலைக்கு மகரந்தம் ஊதும் வேலை பார்த்தவர். டால்க் மாவில் கலந்து குலை குலையாக ஊத வேண்டும். கேமரூனிலிருந்து கொண்டுவந்த, மகரந்தத்தைத் தானே பூவுக்குப் பூ சுமந்துபோகும் ஒரு சின்ன வண்டை 1981இல் ஜொகூரில் குளுவாங் பக்கம் விட்டார்கள். அது பரவிய இடமெல்லாம் அந்த வேலை போயிற்று. அம்மாவைக் களைக்கொல்லி அடிக்க அனுப்பினார்கள், முகமூடி இல்லாமல். வண்டைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறார்கள். அதற்கு முன்னால் ஊதிய பெண்களைப் பற்றி ஒரு வரி உண்டா? துளசியில் ஈயைப் பார்த்த அன்று அம்மா கேட்டார்: "இதையும் கேமரூன்லேருந்துதான் கொண்டாந்தானுங்களா?"

சரி, பை விஷயம். பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வருவதற்குள் கட்டிவிடுங்கள். செய்தித்தாள் மழைக்குக் கிழியும். பிளாஸ்டிக் என்றால் கீழ் முனையில் ஓட்டை போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் தேங்கிப் பழம் அழுகும். கீழே விழுந்ததை அப்படியே விடாதீர்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். பொறுக்கிப் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள்.