பள்ளியில் சொல்லித்தராத கறுப்பின வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஏற்கெனவே படித்த ஒரு பாடத்திலிருந்தே தொடங்கலாம். நான் தொடங்கியது பிரெஞ்சுப் புரட்சியில்.

பாஸ்டில் சிறை, கில்லட்டின், நெப்போலியன் எல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். நடுவே, 1794-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது என்று ஒரு வரி வரும். பாரிசில் யாரோ நல்ல மனசுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன்.

அந்த வரிக்குப் பின்னால் ஒரு காலனியே பற்றி எரிந்திருக்கிறது. கரீபியன் தீவொன்றில் இருக்கும் இன்றைய ஹைட்டிக்கு அன்று பெயர் சான் தொமிங். ஐரோப்பா குடித்த காபியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போனது. சுமார் 5 லட்சம் அடிமைகள். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள். 1791 ஆகஸ்டில் அவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். பிரிட்டனும் ஸ்பெயினும்கூட அங்கே போருக்கு வர, அங்கிருந்த பிரெஞ்சு ஆணையர் சொந்தொனா 1793-இல் வடக்குப் பகுதி அடிமைகளுக்கு விடுதலையை அறிவித்தார். பாரிசில் இருந்த தேசிய சபை சட்டம் போட்டது அதற்குப் பிறகுதான். அந்தச் சபைக்குத் தீவிலிருந்து உறுப்பினராகப் போனவர்களில் ஒருவர் ழான் பப்திஸ்த் பெலே, முன்னாள் அடிமை. எங்கள் பாடத்தில் ரொபஸ்பியர் இருந்தார், பெலே இல்லை.

அப்புறம் காலனியைத் திரும்பப் பிடிக்க நெப்போலியன் படை அனுப்பினார். எழுச்சியின் தலைவர் தூசான் லூவெர்த்தூரைப் பிடித்துப் பிரான்சின் ஒரு மலைக்கோட்டையில் அடைத்தார்கள். 1803-இல் அங்கேயே இறந்தார். ஆனால் வந்த படையில் பெரும்பகுதியை மஞ்சள் காய்ச்சல் கொண்டுபோனது. மிச்சத்தை தூசானின் தளபதியாக இருந்த தெசலின் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று நாட்டின் விடுதலையை அறிவித்தார்.

சரி, ஜெயித்தாயிற்றே என்று மூடிவைக்கப் போனவனை உட்காரவைத்தது அடுத்த பக்கம். 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் கேட்டது. தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்கு நஷ்டஈடாம். அந்தச் சொத்துக் கணக்கில் அடிமைகளும் சேர்த்தி! முதல் தவணை கட்டவே பிரெஞ்சு வங்கியில் கடன் வாங்க வேண்டியிருந்தது. 1838-இல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும் அதற்காக வாங்கிய கடன்கள் கடைசியாக அடைந்தது 1947-இல், நமக்குச் சுதந்திரம் வந்த வருடம். ஹைட்டி ஏன் ஏழை நாடு என்று செய்தியில் யாராவது பேசினால் எனக்கு இந்தக் கணக்குத்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

அதனால் ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கக் கிளம்ப வேண்டாம், மலைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். பாடத்தில் ‘ஒழிக்கப்பட்டது’, ‘விடுவிக்கப்பட்டனர்’ என்று ஆள் இல்லாமல் முடியும் வரி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்று படித்திருப்போமே, அந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிங்கன் பக்கத்து வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் இருந்திருக்கிறார்கள். நான் இப்போது அங்கேதான் நிற்கிறேன்.