கேளுங்கள், சொல்கிறோம்: ஊர் முகப்பில் நிற்கும் பெயர்கள்

கேள்வி: மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். சென்ற கோடையில் நாங்கள் அங்கே போயிருந்தபோது, க்ளோஸ்டர்ஷயர் பக்கம் வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூருக்கு அழைத்துச் சென்றான். ஐம்பது வீடுகள்கூட இருக்காது. தேவாலய வாசலில் ஒரு கற்சிலுவையும், அதன் பீடத்தில் 1914–1919 என்ற ஆண்டுகளும், பத்தொன்பது பெயர்களும் இருந்தன. இவ்வளவு சிறிய ஊரில் இப்படி ஒன்றை யார் கட்டினார்கள்? அரசாங்கமா? ஆண்டு ஏன் 1919 என்று இருக்கிறது? முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தது என்றுதானே படித்தோம்?
— வாசகி, காரைக்குடி

பதில்: அரசாங்கம் கட்டவில்லை; ஊரார் கட்டினார்கள். இதைப் புரிந்துகொள்ள, அந்த ஊரின் இறந்த பிள்ளைகள் எங்கே கிடக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1915-ஆம் ஆண்டிலேயே, போர்க்களத்தில் இறந்தவர்களின் உடல்களைத் தோண்டியெடுத்துத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று பிரிட்டன் முடிவு செய்துவிட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கை ஒரு காரணம். பணம் உள்ள குடும்பம் மகனை வீட்டுக்குக் கொண்டுவர, கூலி வேலை செய்யும் குடும்பம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரும் என்பது மற்றொரு காரணம். 1917-இல் அரச சாசனத்தின் மூலம் அமைக்கப்பட்ட போர்க்கல்லறை ஆணையமும், அதற்கு வழிவகுத்த ஃபேபியன் வேர் என்பவரும் இந்த நிலையிலிருந்து இறங்கிவரவில்லை: அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், அதுவும் அவர்கள் விழுந்த மண்ணுக்கு அருகிலேயே.

நியாயமான முடிவுதான். ஆனால் க்ளோஸ்டர்ஷயரில் பால் கறந்து பிழைத்த ஒரு தாய்க்குக் கடல் கடந்து பிரான்சுக்குப் போய் அந்தக் கல்லைப் பார்க்க வழி ஏது? பலருக்கோ கல்லே இல்லை. உடல் கிடைக்கவே இல்லை. ஆகவே ஊரார் கூடிக் குழு அமைத்து, வீடு வீடாகச் சந்தா திரட்டி, தங்கள் கண்ணில் படும் இடத்தில் ஒரு கல்லை நிறுத்தினார்கள். நீங்கள் பார்த்த சிலுவை, உடல் வந்து சேராத பத்தொன்பது வீடுகளுக்குப் பொதுவான கல்லறை என்றே கொள்ளுங்கள். அந்நாட்டில் எல்லாப் போர்களுக்குமாக இப்படிப் பதிவாகியுள்ள நினைவுச்சின்னங்கள் ஏறத்தாழ 1 லட்சம். அவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு போருக்கு உரியவை.

இதையெல்லாம் ஊரார் ஒற்றுமையாகச் செய்து முடித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இடம் எது, வடிவம் எது, கல்லாக இருக்க வேண்டுமா அல்லது பயன்படும்படி ஒரு கூடமாக இருக்கட்டுமா என்று, நம் ஊரில் தேருக்கு வடம் பிடிப்பதில் நடக்கும் பூசலுக்குக் குறையாமல் சண்டை நடந்தது. சில ஊர்களில் கூடம் வென்றது, சிலவற்றில் மணிக்கூண்டு வென்றது, பெரும்பாலான ஊர்களில் சிலுவையே வென்றது. புது தில்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த லட்யன்ஸ், சாமர்செட் மாவட்டத்தின் மெல்ஸ் என்னும் சிற்றூருக்கும் ஒரு நினைவுத்தூண் அமைத்துக் கொடுத்தார். போர்க்காலப் பிரதமர் ஆஸ்க்வித்தின் மகனுடைய பெயர், அந்த ஊரின் மற்றப் பெயர்களோடு அதில் நிற்கிறது.

ஆண்டு பற்றி: 1918 நவம்பர் 11 அன்று நின்றது துப்பாக்கிச் சத்தம் மட்டுமே. போரை முறைப்படி முடித்த வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28 அன்றுதான் கையெழுத்தானது. சில ஊர்கள் முந்தைய தேதியையும் சில ஊர்கள் பிந்தைய தேதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டன. போர் நின்ற பிறகும் காயத்தாலும் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலாலும் படைவீரர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். கல்லறை ஆணையமோ 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களைத் தன் கணக்கில் சேர்த்தது.

கேள்வி: இத்தகைய இடங்களில் எப்படி நடந்துகொள்வது? செருப்பைக் கழற்ற வேண்டுமா? பூ வைக்கலாமா? படம் எடுக்கலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை; குளிரில் கழற்றினால் உள்ளூர்க்காரர்கள் உங்களுக்காகக் கவலைப்படுவார்கள். படம் எடுக்கலாம். பீடத்தின் படியில் உட்கார்ந்து சாப்பிடுவதும், சிலுவையில் சாய்ந்து நின்று தற்படம் எடுப்பதும் கூடாது என்று சொல்ல வேண்டிய அவசியம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு இருக்காது என நம்புகிறேன்.

பூ வைக்கலாம். நவம்பர் 11-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் சென்றால், பீடத்தைச் சுற்றிச் சிவப்புப் பாப்பி மலர்வளையங்களைக் காண்பீர்கள். அந்த மலர், நம் சமையலறைக் கசகசாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. குண்டு விழுந்து புரட்டப்பட்ட பெல்ஜியத்துப் போர்க்களமான ஃப்ளாண்டர்ஸ் மண்ணில் தானாக முளைத்துப் பூத்ததனால் இந்த இடத்தைப் பெற்றது. அன்று காலை 11 மணிக்கு ஊரார் கூடி இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். 1919 முதல் உள்ள வழக்கம் இது. நீங்கள் வழிப்போக்கராக இருந்தாலும் நின்றுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எழுத்துகள் மங்கியிருக்கின்றனவே, பாசி பிடித்திருக்கிறதே என்று இரக்கப்பட்டுத் தேய்த்துக் கழுவ முற்படாதீர்கள். கம்பித் தூரிகையும் அமிலமும் நூறாண்டு மழையைவிட அதிகமாகக் கல்லை அரித்துவிடும். பல கற்களில் எழுத்தைச் செதுக்கி, அந்தப் பள்ளத்துக்குள் சிறு துளைகள் இட்டு, அதில் ஈயத்தை அடித்து நிரப்பியிருப்பார்கள். நான் பார்த்த ஒரு கல்லில் ஒரு பெயரின் நடு எழுத்து மட்டும் உதிர்ந்து, அது இருந்த இடத்தில் மூன்று குண்டூசித் துளைகள் எஞ்சியிருந்தன. எழுத்தை அந்தத் துளைகளிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருந்தது. ஒரு தேய்ப்பு போதும், அதுவும் போய்விடும். மங்கிய பெயரைப் படிக்க வேண்டுமானால், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது போய் நில்லுங்கள். எழுத்தின் ஓரம் நிழல் பிடித்துத் தானே தெரியும்.

கேள்வி: ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை, நான்கு முறை வருகிறதே? அவர்கள் சகோதரர்களா? எல்லாப் பெயர்களையும் சேர்த்திருப்பார்களா?
— வாசகர், தென்காசி

பதில்: சில இடங்களில் சகோதரர்கள், சில இடங்களில் சிற்றப்பன் பெரியப்பன் பிள்ளைகள். சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களே இருந்தன. ஒரே ஊர்ப் பிள்ளைகள் அந்த மாவட்டத்து ரெஜிமெண்டில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். சேர்ந்து போவதில் துணை இருந்தது. அந்தப் படைப்பிரிவு ஒருநாள் சிக்கிக்கொண்டால் ஊரில் பல வீடுகளுக்கு ஒரே வாரத்தில் தந்தி வந்தது. பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தார்கள். கல்லில் தேதிகளும் பொறிக்கப்பட்டிருந்தால், பெயர்களை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள்.

எல்லாப் பெயர்களும் இருக்கும் என்று சொல்ல முடியாது. யார் ‘நம் ஊர்க்காரர்’ என்பதை அந்தந்த ஊர்க் குழுவே முடிவு செய்தது. பிறந்த ஊரிலும் மனைவியின் ஊரிலுமாக ஒருவர் பெயர் இரண்டு கற்களில் ஏறியதுண்டு; ‘காணவில்லை’ என்று மட்டும் தகவல் வந்த மகன் ஒருநாள் கதவைத் தட்டுவான் என்று காத்திருந்து, பெயரைப் பொறிக்கவே சம்மதிக்காத வீடுகளும் உண்டு. களத்தை விட்டு ஓடியதாகவோ கோழைத்தனம் காட்டியதாகவோ குற்றம் சாட்டப்பட்டுச் சொந்தப் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைப் பல ஊர்கள் ஏற்கவில்லை. அவர்களில் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. கல்லின் கடைசியில், அகரவரிசைக்குப் பொருந்தாமல், சற்றுப் புதிய வெட்டோடு ஒரு பெயர் நின்றால் அதற்கு ஒரு கதை இருக்கும். ஊர் மதுக்கடையில் விசாரித்தால் சொல்வார்கள்.

கேள்வி: இப்படி ஒரு கல்லே தேவைப்படாத ஊர் உண்டா?
— வாசகி, திருவாரூர்

பதில்: உண்டு. போனவர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பிய ஊர்களை ‘நன்றியுள்ள ஊர்கள்’ என்று 1930-களில் ஆர்தர் மீ என்ற எழுத்தாளர் அழைத்தார். அவர் எண்ணியவை 32; பிறகு தேடியவர்கள் ஐம்பதுக்குச் சற்று மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆயிரக்கணக்கான ஊர்கள் இருக்கும்போது இந்த எண்ணிக்கை எவ்வளவு சிறியது என்று பாருங்கள். பிரான்சில் நிலைமை இன்னும் மோசம்: ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் உள்ள அந்த நாட்டில், நார்மண்டியிலுள்ள தியர்வில் என்ற ஒரே ஊரைத்தான் 1870, 1914, 1939 ஆகிய மூன்று போர்களிலும் ஒருவரையும் இழக்காத ஊராகக் குறிப்பிடுகிறார்கள்.

பிரான்சுக்குப் போகிறவர்கள் க்ரூஸ் மாவட்டத்தின் ழாந்தியூ என்னும் மலைக்கிராமத்தையும் பார்க்கலாம். அங்கே வெற்றித் தேவதையோ துப்பாக்கி ஏந்திய வீரனோ இல்லை. மரச்செருப்பு அணிந்த பள்ளிச் சிறுவன் ஒருவன், தகப்பன் இல்லாதவன், இறந்தவர்களின் பட்டியலை நோக்கி முஷ்டியை உயர்த்தி நிற்கிறான். கீழே ‘போர் நாசமாய்ப் போக’ என்ற பொருளில் ஒரு வரி. 1920-களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட இந்தச் சின்னத்தை அதிகாரிகள் பல பத்தாண்டுகள் முறையாகத் திறந்து வைக்காமலே விட்டுவிட்டார்கள். பெயர்களோடு என்ன எழுதலாம் என்பதை ஊரே தீர்மானித்த அந்த ஒரு கல், ‘மகிமையான மரணம்’ என்று பொறித்த நூறு கற்களைவிட எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

கேள்வி: நம்முடைய நடுகல்லும் இதுவும் ஒன்றுதானே?
— வாசகர், செங்கம்

பதில்: நடுகற்கள் நிறைந்த செங்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் வியப்பு. உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. ஆநிரை மீட்டோ ஊரைக் காத்தோ வீழ்ந்த ஒருவனின் செயலுக்கு நடுகல். அவன் என்ன செய்தான் என்பதே அங்கே செய்தி. இங்கே கல்லில் உள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு சொல் இருக்காது. பாய்ந்து இறந்தவனும் காய்ச்சலில் இறந்தவனும் அடுத்தடுத்த வரியில் இருப்பார்கள். நடுகல் தெய்வமாகிப் படையல் பெற்றது; இந்தக் கல் பெயர்ப்பட்டியலாகவே நின்றுவிட்டது.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) போய்த் திரும்பவில்லை என்று பாட்டி சொல்வார். இங்கிலாந்துச் சிற்றூரில் பெயர் பொறித்தார்கள் என்கிறீர்கள். அவருடைய பெயர் எங்கே இருக்கும்?
— வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள்: இங்கிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பஞ்சாபிலும் நம் பக்கத்திலும் பல கிராமங்களில் இதே வாசகம், எண்கள் மட்டும் மாறி, பளிங்குப் பலகையில் உண்டு. கூர்ந்து பாருங்கள், அந்த வாசகத்தில் பெயர் கிடையாது. ஊரார் சந்தா போட்டுக் கட்டிய கல்லில் பெயர்கள் வந்தன. அரசு அச்சடித்தாற்போல் ஒரே வாசகத்தில் பதித்த பலகையில் எண்ணிக்கைதான் வந்தது.

மெசபடோமியாவிலும் இதுவே நடந்தது. அங்கே மாண்டு, கல்லறை தெரியாமல் போனவர்களுக்காக எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் பெயர் பெயராகப் பொறிக்கப்பட்டார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், மற்றவர்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும். இதை எழுப்பிய அதே போர்க்கல்லறை ஆணையம் பிரான்சின் நவ் ஷாப்பலில் 1927-இல் திறந்த இந்திய நினைவுச்சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறது; ஆகவே பெயர்களைப் பொறிக்கத் தெரியாமல் விட்டதாகச் சொல்ல இயலாது. எல்லோருக்கும் ஒரே அளவுக் கல் என்ற கொள்கை ஐரோப்பாவுக்கு வெளியே கடைப்பிடிக்கப்படவில்லை என்பதை, அந்த ஆணையம், காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் என்ற இன்றைய பெயரில், 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படாமலோ முற்றிலும் விடுபட்டோ போனார்கள் என்கிறது அந்த அறிக்கை. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்களும் மத்தியக் கிழக்கைச் சேர்ந்தவர்களும்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கல்லில் இல்லாவிட்டாலும் ஏட்டில் இருக்க வாய்ப்புண்டு. அந்த ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும்கூடக் கிடைக்கும். ஆனால் எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடிதான் பெயர் இருக்கும். முனுசாமியை ஐந்தாறு விதமாகத் தேடிப் பாருங்கள். ஊரை இன்றைய மாவட்டப் பெயரில் தேடாமல், வட ஆற்காடு என்று தேடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அந்தப் போருக்குப் போனவர்களுக்கு வழங்கிய வட்டமான வெள்ளிப் பதக்கம், இறந்தவர்களின் குடும்பத்துக்கும் அனுப்பப்பட்டது. அதன் முகப்பில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கும். பார்க்க வேண்டியது அதையல்ல. வீட்டின் பழைய டிரங்குப் பெட்டியில் எங்கேனும் அது கிடந்து, வறுமைக் காலத்தில் தட்டாரின் உலைக்குப் போகாமல் தப்பியிருந்தால், ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு காசின் விளிம்பைப் போல உள்ள அதன் ஓரத்தைச் சுற்றிப் படியுங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் அடித்திருப்பார்கள்.