மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை; ஐந்தாவது தெரிவான பயோமெடிக்கல் சயன்ஸை ஏற்கலாமா?

கேள்வி: மகள் ஏ லெவலில் உயிரியல், இரசாயனம், கணிதம் படிக்கிறாள். பல்கலைக்கழக அனுமதிக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் நான்கு தெரிவுகளை மருத்துவத்துக்கும் ஐந்தாவதைப் பயோமெடிக்கல் சயன்ஸுக்கும் போட்டோம். ஓரிடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் கடைசியில் நான்கும் இல்லையென்று வந்துவிட்டது, ஐந்தாவது மட்டும் கிடைத்திருக்கிறது. "இதில் சேர்ந்துவிட்டால் பிறகு மெடிசினுக்கு மாறலாம்" என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். மகளோ ஒரு வருடம் பொறுத்து மறுபடி போடவா என்று கேட்கிறாள். இந்தப் படிப்பை முடித்தால் என்ன வேலை கிடைக்கும்? பல்கலைக்கழகத்தை எப்படித் தெரிவு செய்வது? (லண்டன் ஹரோவிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, மகள் வைத்தியராக இனி என்ன வழி என்பது ஒரு கேள்வி. பயோமெடிக்கல் சயன்ஸ், அதாவது நோயாளிகளின் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் சோதிக்கும் விஞ்ஞானம், அவளுக்கு ஏற்ற படிப்பா என்பது வேறொரு கேள்வி. நான் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்தவியல் பிரிவில் வேலை செய்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களில் மனமுடைந்து நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு சேர்ந்தவர்கள்தான். அதனால் சொந்தக்காரர் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம்.

பயோமெடிக்கல் சயன்ஸ் முதலாம் வருடத்திலிருந்து மருத்துவத்துக்கு மாற்றும் ஏற்பாடு சில பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆனால் அது வகுப்பின் உச்சியில் நிற்கும் மிகச் சிலருக்கு மட்டும். பல பல்கலைக்கழகங்களில் அந்த ஏற்பாடே இல்லை. அத்துடன், வேறொரு பட்டப்படிப்பில் இருந்துகொண்டே புதிதாக விண்ணப்பிப்பவர்களைப் பல மருத்துவபீடங்கள் ஏற்பதில்லை. ஆக, நடுவில் மாறலாம் என்ற நம்பிக்கையில் சேர வேண்டாம்.

பட்டம் முடித்த பிறகு போவது நடைமுறையில் உள்ள வழிதான். பட்டதாரிகளுக்கென்று 4 வருட மருத்துவப் படிப்பு இருக்கிறது. பொதுவாக இரண்டாம் வகுப்பு மேற்பிரிவாவது, அதாவது 60 வீதமாவது, கேட்பார்கள். மருத்துவ அனுமதிக்கான யூகாட் அல்லது காம்சாட் சோதனையும் எழுத வேண்டும். போட்டி பதினெட்டு வயதில் இருந்ததைவிடக் கடுமையானது. இதில் பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று, அங்கே போகப் பயோமெடிக்கல் சயன்ஸ்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. வாரிக் பல்கலைக்கழக மருத்துவபீடம் பட்டதாரிகளை மட்டுமே எடுக்கிறது. பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். விஞ்ஞானப் பட்டம்தான் வேண்டும் என்று கேட்கும் இடங்களும் உண்டு, ஆனால் அங்கும் பெரும்பாலும் இந்த ஒரு பாடத்துக்கென்று தனிச் சலுகை இல்லை.

பணக் கணக்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இங்கிலாந்தில் ஒரு பட்டம் முடித்தவருக்கு இரண்டாவது பட்டத்துக்குக் கட்டணக் கடன் பொதுவாகக் கிடையாது. 4 வருடப் பட்டதாரி மருத்துவம் இதற்கு விதிவிலக்கு: முதல் வருடம் 3,465 பவுணைக் கையிலிருந்து கட்டினால் மிகுதிக்குக் கடன் உண்டு, இரண்டாம் வருடத்திலிருந்து கட்டணத்தின் ஒரு பகுதியை என்.எச்.எஸ் என்ற தேசிய சுகாதார சேவையின் உதவித்தொகை ஏற்கும். ஆனால் அந்த இடம் கிடைக்காமல் வழமையான 5 வருட மருத்துவத்தில் சேர்ந்தால், முதல் நான்கு வருடக் கட்டணமும் உங்கள் தலையில்தான். 2025-26 கட்டணமான 9,535 பவுணை வைத்துப் பார்த்தாலே அது 38,000 பவுணைத் தாண்டுகிறது. இதை யாரும் வீட்டில் சொல்லாமல், மூன்று வருடம் கழித்துத் தெரியவரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் கவலையாக இருக்கும்.

அப்படியானால் ஒரு வருடம் பொறுப்பதா? நேர்முகத்துக்கு ஓரிடத்தில் அழைத்திருக்கிறார்கள் என்பது நல்ல அறிகுறி. ஏ லெவலில் மூன்று ஏ எடுக்கக்கூடியவள், யூகாட் புள்ளியும் மோசமில்லை, நேர்முகத்தில்தான் தவறியது என்றால், நான் ஒரு வருடம் பொறுத்து மறுபடி விண்ணப்பிக்கவே சொல்வேன். கடன் உரிமை அப்படியே இருக்கும், கையில் உறுதியான பெறுபேறும் இருக்கும். யூகாட் புள்ளி அந்த ஒரு சுற்றுக்கு மட்டுமே செல்லும் என்பதால் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் திரும்ப எழுத வேண்டும். மருத்துவ விண்ணப்பம் ஒக்டோபர் 15க்குள் போக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பராமரிப்பு இல்லத்திலோ மருத்துவமனையிலோ உதவியாளராக வேலை செய்தால் அடுத்த நேர்முகத்தில் பேச அவளுக்கு உண்மையான அனுபவம் இருக்கும். பயோமெடிக்கல் சயன்ஸ் இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்துக்கொண்டு மருத்துவத்துக்கும் புதிதாக விண்ணப்பிக்கலாமா என்று கேட்பார்கள். யூகாஸ் அதை அனுமதிக்காது, ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் போட முடியும். யூகாட் புள்ளி குறைவாக இருந்து, பெறுபேறும் மூன்று ஏயை எட்டாது என்று ஆசிரியர்கள் சொன்னால், அந்த ஒரு வருடம் பெரிதாக எதையும் மாற்றாது. அப்போது இந்தப் படிப்பை அதற்காகவே பார்க்க வேண்டும்.

என்ன படிப்பு இது என்று ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். கர்ப்பிணிப் பெண் ஒருவரின் இரத்த மாதிரி ஆய்வுகூடத்துக்கு வருகிறது. சிவப்பணுக்கள் வழமையைவிடச் சிறியவை, ஒவ்வொன்றிலும் ஹீமோகுளோபின் குறைவு என்று இயந்திரம் காட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், அல்லது அவர் பீற்றா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவை நோயில்லாமலே சுமப்பவராக, அதாவது காவியாக, இருக்கலாம். இரண்டிலும் அணு சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் காவிகளில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குறையாது, கூடியும் இருக்கலாம். இரும்புக் குறைவு கூடக் கூட எண்ணிக்கையும் இறங்கும். அடுத்ததாக ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கிறோம். ஏ2 என்ற வகை 3.5 வீதத்தை எட்டினால் அவர் காவி என்றே எண்ண வேண்டும். ஆனால் இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால் ஏ2 சற்று இறங்கிக் காட்டலாம். அதனால் இரும்பின் இருப்பைக் காட்டும் பெரிற்றினையும் பார்க்க வேண்டும். கணவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தெற்காசியக் குடும்பங்களில் இந்த மரபணு பரவலாக இருக்கிறது. இங்கிலாந்தில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையை என்.எச்.எஸ் வழங்குகிறது. பரிசோதனை முடிவுத் தாளில் நாங்கள் எழுதும் ஒரு வரியை நம்பித்தான் அந்தக் குடும்பம் முடிவெடுக்கப் போகிறது.

இந்த ஒரு மாதிரிக்குள் மரபியல் இருக்கிறது, புரத இரசாயனம் இருக்கிறது, உடல் இரும்பைக் கையாளும் விதம் இருக்கிறது, இயந்திரம் இன்று சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் புள்ளிவிபரமும் இருக்கிறது. பட்டப்படிப்பில் இவை தனித்தனிப் பாடங்களாக வரும். முதல் வருடத்தில் கல உயிரியல், உயிர் இரசாயனம், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல். இரண்டாம் வருடத்தில் நோயெதிர்ப்பியல், இரத்தவியல், மூலக்கூற்று உயிரியல். கடைசி வருடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு. இரசாயனத்தையும் புள்ளிவிபரத்தையும் குறைத்து எடைபோட்டு வந்து திணறுபவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். உங்கள் மகள் கணிதமும் எடுத்திருப்பது அவளுக்குப் பெரிய பலம்.

மேலேயுள்ள தலசீமியாப் பந்தியை மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். மிச்சத்தையும் அறிய வேண்டும் என்று அவள் கேட்டால் இந்தப் படிப்பு அவளுக்குப் பிடிக்கும். "அந்தப் பெண்ணிடம் இதை யார் போய்ச் சொல்வார்கள்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி என்றால், அவளுக்கு நோயாளிகளோடு பேசிப் பழகும் வேலைதான் வேண்டும். ஆய்வுகூடத்தில் நாங்கள் நோயாளியைக் காண்பதே அரிது. அவளுக்குத் தாதியியல், கதிர்ப்படவியல், இதய உடற்றொழிலியல் போன்றவை பொருத்தமாக இருக்கலாம்; மருத்துவத்தை விட்டால் பயோமெடிக்கல் சயன்ஸ் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

இனி வேலை. பிரித்தானியாவில் பயோமெடிக்கல் சயன்டிஸ்ட் என்ற பதவிப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எச்.சி.பி.சி என்ற பதிவுச் சபையில் பெயர் இல்லாதவர் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. பதிவுக்கான வழமையான வழி ஐ.பி.எம்.எஸ் வழியாகப் போகிறது. 1912இல் தொடங்கிய எங்கள் தொழில்சார் நிறுவனம் அது. அது அங்கீகரித்த பட்டம் வேண்டும். அது அனுமதித்த பயிற்சி ஆய்வுகூடம் ஒன்றில் திறமைகளுக்கான சான்றுகளைச் சேர்க்கும் பயிற்சிக் கோப்பு ஒன்றை நிரப்பி மதிப்பீட்டில் தேற வேண்டும். அப்போது கிடைக்கும் சான்றிதழோடுதான் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

பலருக்கும் சிக்கல் இந்தப் பயிற்சிக் கோப்பில்தான். பட்டத்தை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். பயிற்சி இடங்களோ குறைவு. நல்ல பெறுபேறோடு வெளியே வந்தும் கோப்பு இல்லாததால் ஆய்வுகூட உதவியாளராக, மாதிரிகளைப் பிரித்து இயந்திரத்தில் ஏற்றும் வேலையில், என்.எச்.எஸ் சம்பளப் படிநிலைகளில் கீழே உள்ள பாண்ட் 2, பாண்ட் 3 சம்பளத்தில் வாய்ப்புக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளோடு நான் வேலை செய்கிறேன். சிலருக்கு ஒரு வருடத்தில் வழி திறக்கிறது. சிலர் சலித்துத் துறையையே விட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆகவே மருத்துவமனைப் பயிற்சி ஆண்டு உள்ள படிப்பைத் தேடுங்கள். இரண்டாம் வருடம் முடிந்து ஒரு வருடம் ஆய்வுகூடத்தில் இருந்து கோப்பை நிரப்பிவிட்டு, இறுதி வருடத்துக்குத் திரும்புவார்கள். அந்த ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் அறவிடும் கட்டணம் உச்சக் கட்டணத்தின் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சக் கூடாது. ஊதியம் சில இடங்களில் உண்டு, பல இடங்களில் இல்லை. கவனிக்க வேண்டியது, "பயிற்சி ஆண்டுடன்" என்று படிப்பின் பெயரில் இருப்பதால் மட்டும் இடம் உறுதியாகிவிடாது. மாணவர்கள் போட்டியிட்டு நேர்முகத்துக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். முதலாம் வருடப் புள்ளி பட்டத்தின் வகுப்புக்குச் சேராது என்று பிள்ளைகள் அலட்சியமாக இருப்பார்கள். பயிற்சிக்கு ஆளெடுக்கும்போது எங்கள் கையில் இருப்பது அந்த முதலாம் வருடப் புள்ளிதான்.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். ஆராய்ச்சிக்குப் பெயர்போன சில பெரிய பல்கலைக்கழகங்களின் பயோமெடிக்கல் பட்டங்களுக்கு ஐ.பி.எம்.எஸ் அங்கீகாரம் இல்லை. அவர்கள் ஆராய்ச்சியாளர்களை உருவாக்க விரும்புகிறார்கள், அது குற்றமில்லை. ஆனால் அந்தப் பட்டத்தோடு மருத்துவமனைக்கு வந்தால், விடுபட்ட பாடங்களைப் பிறகு தனியாகப் பணம் கட்டிப் படிக்கச் சொல்வார்கள். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற பெரிய ஆரவாரமில்லாத பல்கலைக்கழகங்கள் இந்தத் தொழிலுக்கென்றே ஆட்களைத் தயார்செய்து வருகின்றன. ஐ.பி.எம்.எஸ் இணையத்தளத்தில் அங்கீகரித்த பட்டங்களின் பட்டியல் உண்டு. மகளுக்கு வந்த இடத்தின் பட்டப் பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டத்துக்கு அங்கீகாரம் இருந்து, பெயரில் சற்றே மாறுபட்ட இன்னொன்றுக்கு இல்லாமல் இருக்கும்.

பயிற்சியைப் பட்டத்துக்குள்ளேயே பிணைத்த படிப்புகளும் இருக்கின்றன, அவற்றுக்கு எச்.சி.பி.சி நேரடி அனுமதி உண்டு, முடித்தவுடன் பதிவுக்குப் போகலாம். ஆய்வுகூடமே வேலைக்கு எடுத்துச் சம்பளமும் கொடுத்துப் பட்டமும் படிப்பிக்கும் தொழிற்பயிலுநர் முறையும் உண்டு. கட்டணமும் இல்லை, கடனும் இல்லை. இடங்கள் மிகக் குறைவு, ஆனாலும் ஹரோவைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளின் வேலை விளம்பரங்களை என்.எச்.எஸ் வேலைத் தளத்தில் வாரம் ஒரு தடவையாவது பாருங்கள்.

பதிவு கிடைத்தவர் பாண்ட் 5இல் தொடங்குவார். 2025-26இல் இங்கிலாந்தில் அதன் ஆரம்பம் வருடத்துக்கு 31,049 பவுண், லண்டன் படி வேறு. ஒரு துறையில் சிறப்புத் தகுதி எடுத்தால் பாண்ட் 6க்குப் போகலாம். இரவு வேலை, வார இறுதி வேலை உண்டு. இரத்த வங்கி இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்க வேண்டும் அல்லவா. மேலே படிக்க விரும்பினால் எஸ்.டி.பி என்ற 3 வருடப் பயிற்சி இருக்கிறது. சம்பளத்தோடு முதுமாணிப் பட்டமும் தந்து கிளினிக்கல் சயன்டிஸ்ட் பதிவுக்குக் கொண்டுபோகும், போட்டி மிக அதிகம். மருந்து நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் போவோருக்கு எச்.சி.பி.சி பதிவே தேவையில்லை. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்த யாராவது உங்கள் உறவில் இருந்தால் மகளை ஒரு மணிநேரம் அவர்களோடு பேச விடுங்கள். நாடு வேறானாலும் மேசையில் நடக்கும் வேலை ஒன்றுதான்.

இடம் தந்த பல்கலைக்கழகத்துக்கு இந்த வாரமே மகளைக் கொண்டு ஒரு மின்னஞ்சல் எழுதுவியுங்கள். இந்தப் பட்டத்துக்கு ஐ.பி.எம்.எஸ் அங்கீகாரம் எந்த வருடம் வரை இருக்கிறது? சென்ற வருடம் எத்தனை பேர் மருத்துவமனைப் பயிற்சி கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? அவர்களில் எத்தனை பேர் கோப்பை முழுதாக முடித்தார்கள்? மருத்துவத்துக்கு மாறலாம் என்று விளம்பரம் செய்திருந்தால், சென்ற வருடம் உண்மையில் எத்தனை பேர் மாறினார்கள்? எண்ணிக்கை சொல்லாமல் பொதுவாகப் பதில் எழுதினால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். யூகாஸ் பக்கத்தில் அவள் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் போட்டிருக்கும். அந்த நாள் கடந்தால் இடம் தானாகவே இரத்தாகிவிடும், அதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் பதில்களை வாங்கிவிடுங்கள்.